குழாய் இல்லாத கழிவு: ஊசுட்டேரி நீர்ப்பிடிப்பில் பரவல் மாசு – ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரிக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் இருக்கிறது ஊசுட்டேரி. பரப்பு ஏறத்தாழ 800 ஹெக்டேர், முழுக் கொள்ளளவு 540 மில்லியன் கன அடி. புதுச்சேரிப் பகுதியில் கணக்கில் உள்ள 84 ஏரிகளிலும் பெரியது இதுதான். மாநில எல்லை இதன் தண்ணீருக்கு நடுவே ஓடுகிறது. ஏறத்தாழப் பாதி புதுச்சேரியில், மறுபாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில். பறவைகளுக்கும் தண்ணீருக்கும் அந்தக் கோடு தெரியாது. இரண்டு அரசுகளின் கோப்புகளுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

ஏரிக்குத் தண்ணீர் இரு வழியில் வருகிறது. சுற்றியுள்ள செம்மண் மேடுகளிலும் வயல்களிலும் ஊர்களிலும் விழும் மழை நேரடியாக வடிந்து வருவது ஒன்று. சங்கராபரணியில் வெள்ளம் வரும்போது சுத்துக்கேணியில் பிரிந்து வாய்க்கால் வழியாக வருவது மற்றொன்று. செஞ்சிப் பக்கத்தில் பிறந்து வீடூர் அணையைத் தாண்டி வரும் அந்த ஆற்றை வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் சொல்வார்கள். ஆகவே செஞ்சி வட்டாரத்து விவசாயி தெளிக்கும் மருந்தும் உழுது போட்ட மண்ணும்கூட இந்த ஏரியோடு சம்பந்தப்பட்டவை. கரையைச் சுற்றி வேலி போட்டு ஏரியைக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இந்த ஆய்வு பேசுவது பரவல் மாசைப் பற்றி. ஒரு ஆலையின் குழாய் வாயில் நின்று "இதோ இங்கிருந்து வருகிறது" என்று விரல் நீட்ட முடிவது ஒரு வகை மாசு. ஆயிரம் வயல்கள், நூறு தெருக்கள், பத்துக் குவாரிகள், கணக்கில் வராத கழிவறைக் குழிகள் ஆகியவற்றிலிருந்து மழையோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வருவது இன்னொரு வகை. இதற்கு முகவரி கிடையாது. மழை பெய்தால் வரும், நின்றால் நின்றுவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1974ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் இசைவு முறையில் இயங்குகிறது. கழிவுநீரை வெளியேற்றுபவர் வாரியத்திடம் இசைவு பெற வேண்டும், வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும், மீறினால் நடவடிக்கை. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், புதுச்சேரியில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமமும் இதைச் செய்கின்றன. சாய ஆலைக்கும் ரசாயன ஆலைக்கும் இந்த முறை பொருந்தும். நெல் வயலில் இந்த முறைக்குப் பிடிமானம் இல்லை. மடையை உடைத்துக்கொண்டு வழியும் வயல் தண்ணீருக்கு யார் இசைவு கேட்பது, யார் கொடுப்பது?

மற்ற சட்டங்கள் ஓரங்களைப் பிடிக்கின்றன. ஏரியில் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, தமிழ்நாடும் பின்னர் தன் பகுதியை அறிவித்தது. ஈரநிலங்களுக்கான 2017ஆம் ஆண்டு விதிகள் குப்பை கொட்டுவதையும், சுத்திகரிக்காத கழிவு விடுவதையும், சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்தையும் தடை செய்கின்றன. எல்லாம் தேவையானவைதான். ஆனால் இவை யாவும் நீர்ப்பரப்பையும் அதன் விளிம்பையும் காப்பவை. மாசு புறப்படும் இடம் அந்த 50 மீட்டருக்கு வெகு தூரம் அப்பால் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே ஓட்டை இருந்தது. 1972இல் வந்த அவர்களது தூய நீர்ச் சட்டம் குழாய்களைக் கட்டுப்படுத்தியது. வயலும் தெருவும் விட்டுப்போனதால் 1987இல் 319ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு மாநிலமும் தன் பரவல் மாசைக் கணக்கெடுத்துத் திட்டம் வகுக்க வேண்டும், மத்திய அரசு மானியம் தரும் என்பது அதன் சாரம். அந்த மானியத்துக்கு எழுதப்படும் நீர்ப்பிடிப்புத் திட்டத்தில் ஒன்பது கூறுகள் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அவற்றில் நமக்கு உதவுபவை மூன்று. எந்த மூலத்திலிருந்து எவ்வளவு சுமை வருகிறது, எந்த வேலையால் எவ்வளவு குறையும், குறைந்ததா என்று எதை வைத்து அளப்பது. நம் ஏரித் திட்ட அறிக்கைகளில் பொதுவாக விட்டுப்போகும் மூன்றும் இவைதான்.

சுமைக் கணக்கு

பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் தீனியாவது தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும். தேங்கிய நன்னீர் ஏரியில் பெரும்பாலும் கடிவாளமாக இருப்பது பாஸ்பரஸ். லிட்டருக்கு சுமார் 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் சேர்ந்தாலே ஏரி பச்சை கட்டும் நிலைக்கு அருகில் வந்துவிடும். ஊசுட்டேரி முழுதாக நிரம்பினால் சுமார் 1.53 கோடி கன மீட்டர் தண்ணீர். கணக்குப் போட்டால் வருவது ஏறத்தாழ 460 கிலோ பாஸ்பரஸ். இவ்வளவு பெரிய ஏரியின் குணத்தை மாற்ற அரை டன்கூட வேண்டாம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படிக்க வேண்டும்.

முதலில் நெல். இந்தப் பகுதிக் குறுகிய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்குச் சொன்னால் 48, 16, 16. மணிச்சத்தை டிஏபி எனப்படும் டை அம்மோனியம் பாஸ்பேட் உரமாகக் கொடுத்தால் 35 கிலோ போதும். அதிலேயே 6 கிலோவுக்கு மேல் தழைச்சத்தும் வந்துவிடுகிறது. அதைக் கழித்தால் யூரியா 90 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் சரியாக இரண்டு. நடைமுறையில் நடப்பது வேறு. டிஏபி 50 கிலோ மூட்டையாக வருகிறது, அரை மூட்டையும் காலும் அளந்து போட யாருக்கும் பொறுமை இல்லை, ஏக்கருக்கு ஒரு மூட்டை என்று போட்டுவிடுகிறார்கள். டிஏபியில் உள்ள தழைச்சத்தை யூரியாவில் கழிப்பதும் இல்லை. ஒரு முழு மூட்டை டிஏபியில் இருப்பது 23 கிலோ மணிச்சத்து. உரக் கணக்கில் மணிச்சத்து என்பது பாஸ்பரஸ் ஆக்சைடின் எடை, பாஸ்பரஸ் தனிமத்தை மட்டும் பார்த்தால் அது 10 கிலோ. பயிருக்குச் சொன்னது 7 கிலோ. ஏக்கருக்கு 3 கிலோ வருடா வருடம் மண்ணில் சேர்கிறது. அந்த உபரியில் ஐந்து விழுக்காடுதான் ஏரிக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, 3,000 ஏக்கர் நெல் நிலம் அந்த 460 கிலோவைத் தந்துவிடும்.

இதில் விவசாயியைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தாலும், அதில் உள்ள எண்ணை மூட்டைக் கணக்காக மாற்றிச் சொல்ல ஆள் இல்லை. 'ஹெக்டேருக்கு 40 கிலோ மணிச்சத்து' என்பது வயலில் புரியாத பாஷை. 'ஏக்கருக்கு முக்கால் மூட்டைக்கும் குறைவான டிஏபி, இரண்டு மூட்டை யூரியா, அதுவும் நாலு தடவையாக' என்பது புரியும் பாஷை. உரக்கடை வாசலில் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதிப் போடுவது பைசா செலவில்லாத பரவல் மாசுக் கட்டுப்பாடு.

அளவைவிடப் பொல்லாதது நேரம். புதுச்சேரியின் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. சம்பாவுக்கு மேலுரம் வைக்கும் காலமும் அதுவே. காலையில் யூரியா தூவி மாலையில் மழை வந்து வரப்பு வழிந்தால், போட்டதில் பெரும்பகுதி வாய்க்காலில் போய்விடும். அது விவசாயிக்கும் நட்டம்.

அடுத்தது செம்மண். வானூர் வட்டத்துச் செம்மண் மேடுகள் கடலூர் மணற்கல் எனப்படும் அடுக்கின் மேல் அமைந்தவை. மேலே செடி இருக்கும்வரை மழையை உறிஞ்சும் அருமையான நிலம். செடியை எடுத்துவிட்டால் மழைத்துளி அடித்து மேற்பரப்பு இறுகிப்போகும், தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும், ஓடை கீறும். பூத்துறைப் பக்கம் கிராவல் எடுத்த பள்ளங்களின் விளிம்புகளில் இதைக் கண்ணால் காணலாம். ஒரு ஹெக்டேரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் அரிக்கப்பட்டால் அது 10 கன மீட்டர், ஏறத்தாழ 15 டன், இரண்டு டிப்பர் லாரிக்கு நெருங்கும். செம்மண்ணின் களித்துகள்களில் உள்ள இரும்பு பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு வரும். ஏரியின் அடியில் ஆக்சிஜன் தீரும்போது அதை விட்டுவிடும். அதனால்தான் பல ஏரிகளில் வரத்தே இல்லாத சித்திரை, வைகாசியிலும் பாசி பொங்குகிறது. அது பழைய கடன்.

மூன்றாவது மனிதக் கழிவு. ஒருவர் வருடத்துக்குச் சுமார் 0.4 கிலோ பாஸ்பரஸை வெளியேற்றுகிறார் என்பது இந்திய உணவுமுறைக்கான பொதுக் கணிப்பு. ஆயிரம் பேரின் கழிவு நேராக ஏரிக்கு வந்தால் அதுவே 400 கிலோ. உறை இறக்கிய குழிக் கழிவறைகள் நன்றாக வேலை செய்தால் பாஸ்பரஸை மண் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட் மட்டும் நிலத்தடி நீருக்கு இறங்கும், குடிநீரில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். தொட்டி நிரம்பியபின் உறிஞ்சும் லாரி அதை எங்கே கொண்டுபோய்த் திறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு மாநிலங்களின் எல்லையில் இரவில் திறந்துவிட்டுப் போகும் லாரியை இரண்டு பக்க அதிகாரிகளும் 'அது அந்தப் பக்கம்' என்று சொல்லிவிட முடியும். கிராமம் வாரியாகத் தொட்டிகளைக் கணக்கெடுத்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை எந்த லாரி எந்தத் தொட்டியை எடுத்து எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியது என்று மூன்று படிச் சீட்டு போட்டாலே பாதி அடங்கும். வீட்டுக்காரர், லாரிக்காரர், நிலையம் மூவரிடமும் ஒவ்வொரு படி இருக்க வேண்டும். மூன்றாவது படி திரும்பி வராவிட்டால் அந்த லாரியின் உரிமத்தைக் கேள்வி கேட்கலாம்.

தெருக்கழுவு நீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடைக்குப் பின் வரும் முதல் 10 மி.மீ. மழை, ஏழெட்டு மாத எண்ணெய், தூசி, சாணம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். ஒரு ஹெக்டேர் தார், காங்கிரீட் பரப்புக்கு அது 100 கன மீட்டர். புதிதாக அனுமதி பெறும் மனைப்பிரிவும் தொழில்மனையும் அந்த 100 கன மீட்டரைத் தன் எல்லைக்குள்ளேயே ஒரு குட்டையில் நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் போதும்.

இதுவரை செய்தவை

1999இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு புதுச்சேரியில் ஏரிகள் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. கரை பலப்படுத்தினார்கள், மதகுகளைச் சரிசெய்தார்கள், தூர்வாரினார்கள், ஏரிச் சங்கங்களை அமைத்தார்கள். இதில் காலத்துக்கு நிற்கும் பகுதி ஏரிச் சங்கம் என்ற ஏற்பாடு என்பது எங்கள் கருத்து. வாய்க்காலை யார் எப்போது வெட்டுவது என்பதைப் பயனாளிகளே பேசி முடிவுசெய்யும் வழக்கம் பழைய குடிமராமத்தின் உயிர். தமிழ்நாட்டிலும் 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் வந்தது. வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

ஆனால் தூர்வாருதல் மாசைத் தடுப்பதல்ல, வந்து சேர்ந்த மாசை அள்ளுவது. மேலே மண் அரிப்பு தொடர்ந்தால் அள்ளியது அள்ளியபடி திரும்ப நிரம்பும். அள்ளும் முறையிலும் கோளாறு உண்டு. பொக்லைன் வைத்துக் கரையோரத்தில் ஆழமாகத் தோண்டினால் பள்ளம் கிடைக்கும், வேண்டாத கிராவல் வெளியே போகும். பாஸ்பரஸ் மிகுந்த மேல் வண்டல் ஏரி நடுவிலேயே தங்கிவிடும். வயலுக்கு உரமாக வேண்டியது அந்த மேல் ஒரு சாண் வண்டல்தான். அதைக் கோடையில், ஏரி வற்றிய பகுதியில், பரவலாகச் சுரண்டி எடுக்க வேண்டும். வயலுக்குப் போட்டபின் அந்தப் போகத்துக்கு டிஏபியைக் குறைக்கவும் சொல்ல வேண்டும். இல்லையேல் ஏரியின் பாஸ்பரஸை வயல் வழியாக ஏரிக்கே திருப்பி அனுப்பியதாக ஆகிவிடும்.

ஆகாயத்தாமரை அகற்றலையும் எண்ணால் பார்க்க வேண்டும். அந்தச் செடியில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர். ஒரு டன் பச்சைச் செடியில் 50 கிலோ உலர்பொருள், அதில் பாஸ்பரஸ் 150 கிராம் அளவில் இருக்கும். 460 கிலோ பாஸ்பரஸை இப்படி வெளியேற்ற 3,000 டன் செடியை அள்ள வேண்டும். அள்ளியதைக் கரையில் குவித்துவிட்டால், அடுத்த மழையில் அழுகிய சாறு மறுபடி ஏரிக்குள். அள்ளுவதானால் கரைக்கு வெளிப்புறம், நீர் வடிந்து ஏரிக்குத் திரும்பாத இடத்தில் எருவாக மக்கவைக்க வேண்டும். அதே 460 கிலோவை உரக்கடை வாசலில் தடுப்பது எவ்வளவு மலிவு என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை, அளவோடு

வயலில் தொடங்குவோம். யூரியா தூவும்போது வயலில் தண்ணீர் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தூவியபின் மூன்று முதல் ஐந்து நாள்வரை மடை அடைத்திருக்க வேண்டும். களைக்கொல்லி போட்டாலும் அதே கட்டுப்பாடு. வரப்பு உயரம் ஒரு முழத்துக்குக் குறையாமல், நண்டுப் பொந்து அடைத்து இருந்தால், நடுத்தர மழையை வயலே தாங்கும். எப்போது உரம் வைப்பது என்பதற்கு இலை வண்ண அட்டை உண்டு. நட்ட 14ஆம் நாளிலிருந்து ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு தடவை, முழுதாக விரிந்த மேல் இலையைப் பத்துக் குத்துகளில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது வரம்பு. பத்தில் ஆறு இலை வரம்புக்குக் கீழே வெளிறியிருந்தால் மட்டும் மேலுரம். வெயிலில் அட்டையைப் பிடித்தால் நிறம் ஏமாற்றும். உடம்பு நிழலில் வைத்து, ஒரே ஆள், ஒரே நேரத்தில் பார்ப்பது முக்கியம். வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் உரம் வைப்பதில்லை என்று ஏரிச் சங்கமே தண்டோரா போடலாம்.

செம்மண் மேட்டில் சம உயர வரப்பு. மூன்று விழுக்காடு சரிவுள்ள நிலத்துக்கு வழக்கமான சூத்திரப்படி வரப்புக்கு வரப்பு இறக்கம் 0.9 மீட்டர், கிடைத்தூரம் 30 மீட்டர். உயரம் 0.6 மீட்டர், மேலகலம் 0.3, அடியகலம் 2.1 என்று வைத்தால் நூறு மீட்டர் வரப்புக்கு 72 கன மீட்டர் மண். அதை மேல்புறத்திலிருந்து அகலமான ஆழமற்ற பள்ளமாக வெட்டி எடுக்க வேண்டும். இது தோற்கும் இடங்கள் மூன்று. பட்டா எல்லையையே வரப்பாக்கினால் சம உயரம் கெட்டு, தாழ்ந்த மூலையில் தண்ணீர் சேர்ந்து உடைக்கும். உபரி நீர் வழியக் கல் கட்டிய வாய் வைக்காவிட்டால் முதல் பெருமழையிலேயே உடைக்கும். புதிய வரப்பில் புல் பிடிக்காமல் அக்டோபருக்குள் நுழைந்தால் வரப்பே வண்டலாகிவிடும். ஆகவே ஆடியில் வரப்பு, அதன் முதல் தூறலில் வெட்டிவேர் நடவு. ஒரு சாணுக்கு ஒரு குத்துக்கும் நெருக்கமாக, இரண்டு வரிசை. இடைவெளி விட்டால் தண்ணீர் அந்த ஓட்டையைத் தேடிப் போய்க் கீறிவிடும். வெட்டிவேரும் புல் பட்டையும் பரந்து வரும் மெல்லிய ஓட்டத்தைத்தான் வடிகட்டும். ஓடையாகத் திரண்டுவிட்ட தண்ணீருக்கு அவை தடையே அல்ல.

வரத்து வாய்க்கால் ஏரியில் சேரும் முன் வண்டல் குட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கட்டப்படும் பெரும்பாலான வண்டல் குட்டைகள் ஆழத்தை நம்பிக் கட்டப்படுகின்றன. துகள் படிவதைத் தீர்மானிப்பது ஆழமல்ல, பரப்பு. வினாடிக்கு 0.5 கன மீட்டர் வரும் வாய்க்காலில் 0.1 மி.மீ. மணலைப் பிடிக்க 60, 65 சதுர மீட்டர் போதும், ஒன்றரை சென்ட் நிலம். அதே ஓட்டத்தில் 0.02 மி.மீ. வண்டலைப் பிடிக்க ஏறத்தாழ 1,250 சதுர மீட்டர் வேண்டும், 31 சென்ட். அதைவிட நுண்ணிய களியை எந்தக் குட்டையும் சில மணி நேரத்தில் பிடிக்காது. குட்டையைத் தாண்டியும் தண்ணீர் சிவப்பாகவே போவதைப் பார்த்து 'திட்டம் தோல்வி' என்பது தவறு, 'மண் நின்றுவிட்டது, இனி கவலையில்லை' என்பதும் தவறு. களியோடு போகும் பாஸ்பரஸுக்குக் குட்டைக்கு அடுத்துக் கோரையும் நாணலும் வளர்ந்த ஆழமற்ற சதுப்பு வேண்டும். குட்டையின் நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும், நுழைவாயில் ஒரு முனையிலும் வடிவாயில் எதிர்முனையிலும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் வெள்ளம் குறுக்கே ஓடிவிடும், பரப்பு வீண். பாதி நிரம்பியதும் தூர்வார வேண்டும், அதற்கு ஒரு கல்லில் கோடு போட்டு வைத்தால் யாரும் அளக்கத் தேவையில்லை. பொக்லைன் இறங்க ஒரு சரிவுப்பாதையைக் கட்டும்போதே வைக்காத குட்டை இரண்டாம் வருடமே நிலமாகிவிடும்.

இவை எல்லாம் சாதாரண மழைக்கு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரு நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்த வரப்பும் குட்டையும் மாசைத் தடுக்காது, உடையாமல் நின்றால் போதும். வடிவமைப்பை அந்த நாளுக்கு ஏற்றுவதில் பணம் போடுவதைவிட, வருடத்தில் பத்துப் பதினைந்து முறை வரும் நடுத்தர மழைக்குச் சரியாகக் கட்டுவதே பலன் தரும்.

அளப்பது எப்படி

மாதம் ஒரு நாள் ஏரியில் போய்ப் போத்தலில் தண்ணீர் எடுப்பது பரவல் மாசுக்கு உதவாது. அந்த நாள் அநேகமாக மழையில்லா நாளாகத்தான் இருக்கும். ஒரு கணக்கு: வாய்க்காலில் வினாடிக்கு ஒரு கன மீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் மிதவைப் பொருள், ஆறு மணி நேரம். வந்த மண் 4.3 டன். வறண்ட நாட்களின் மெல்லிய ஓட்டம் மாதக்கணக்கில் சேர்ந்தாலும் அந்த ஆறு மணி நேரத்துக்கு ஈடாகாது.

வெள்ளம் பெரும்பாலும் நள்ளிரவில் வரும், ஆளை நிறுத்த முடியாது. வழி எளியது. வாய்க்கால் கரையில் ஒரு இரும்புக் கம்பம், அதில் தரையிலிருந்து ஒவ்வொரு 15 செ.மீ. உயரத்திலும் ஒரு லிட்டர் போத்தல். மூடியில் இரண்டு வளைந்த குழாய்கள், தண்ணீர் நுழைய ஒன்று, காற்று வெளியேற ஒன்று. வெள்ளம் ஏற ஏற ஒவ்வொரு போத்தலும் தன் மட்டத்தில் நிரம்பி நின்றுவிடும். காலையில் எடுத்து மிதவைப் பொருள், மொத்த பாஸ்பரஸ், நைட்ரேட் பார்க்கலாம். பக்கத்தில் அளவுப் பலகை வைத்து அரை மணிக்கு ஒரு முறை கைப்பேசியில் படம் எடுத்தால் ஓட்டக் கணக்கும் கிடைக்கும். குழாயில் இலை அடைப்பதும், போத்தல் வெயிலில் கிடந்து பாசி பிடிப்பதும் வழக்கமான தொல்லைகள். வெள்ளம் வடிந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்துக் குளிரில் வைக்காத மாதிரியை நைட்ரேட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. சுத்துக்கேணி வாய்க்கால் நுழைவு, வானூர்ப் பக்கத்து ஓடைகளில் இரண்டு, ஊர்வடிகால் ஒன்று. நான்கு கம்பங்கள், இரண்டு பருவம். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு என்ற வாக்குவாதத்துக்கு அதற்குப்பின் இடம் இராது.

இரண்டு அரசுகள்

தமிழ்நாட்டுப் பக்கம் நீர்வளத் துறை, வனத் துறை, வேளாண்மைத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, கனிமவளத் துறை, ஊராட்சி ஒன்றியம். புதுச்சேரிப் பக்கம் பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவு, வனத் துறை, வேளாண் துறை, கொம்யூன் பஞ்சாயத்து. வரப்பு போடும் துறைக்கு ஏரியின் பாசி தெரியாது, ஏரியைப் பார்க்கும் துறைக்கு வரப்பு போட அதிகாரம் இல்லை. பல மாநிலங்கள் பகிரும் நீர்ப்பிடிப்பில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் செசபீக் விரிகுடா ஒரு பாடம். 2010இல் ஆறு மாநிலங்களுக்கும் தலைநகர் வட்டாரத்துக்கும் சேர்த்து நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் மூன்றுக்கும் உச்சவரம்பு வைத்து, 2025க்குள் எல்லா வேலையும் முடிய வேண்டும் என்றார்கள். உரிமத்துக்கு உட்பட்ட கழிவுநீர் நிலையங்கள் தங்கள் பங்கை முன்கூட்டியே முடித்துவிட்டன. மானியத்தையும் மனமுவந்த ஒத்துழைப்பையும் நம்பிய விவசாயப் பங்கில் பெரும்பகுதி பாக்கி நின்றது. அளவும் தவணையும் எழுதி வைத்த இடத்திலேயே நிலைமை இப்படி.

கடலூர் மாவட்டத்து வீராணத்திலும் இதே வடிவம் தென்படுகிறது. ஏரி கடலூரில். மழைக்காலத்தில் மண்ணோடு வெள்ளத்தைக் கொண்டுவரும் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அரியலூர்ப் பக்கத்தவை. 2004 முதல் அந்தத் தண்ணீர் சென்னைக்குக் குடிக்கப் போகிறது. அங்கே எல்லை மாவட்ட எல்லைதான் என்பதால், ஒரே அரசு நினைத்தால் மேல்நிலத்துக்கும் ஏரிக்கும் ஒரே கணக்கில் பணம் ஒதுக்க முடியும். ஊசுட்டேரிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இரு பக்கமும் சேர்ந்த ஒரு கூட்டுக் குழு, அதன் கையில் நான்கு கம்பங்களின் அளவீடு, செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு கூட்டம் என்பதாகவே தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கூட்டம் முடிவுசெய்ய வேண்டிய முதல் விஷயம் சுத்துக்கேணி மதகு. வருடத்தின் முதல் வெள்ளம்தான் சங்கராபரணியில் மிக அழுக்கானது. அதை ஆற்றோடு கடலுக்கு விட்டு, இரண்டாம் வெள்ளத்தில் மதகைத் திறந்தால் ஏரிக்கு வரும் சுமை பெரிதும் குறையும். ஆனால் ஒரே ஒரு வெள்ளம் வந்து முடியும் வருடமும் உண்டு. அந்த வருடம் முதல் தண்ணீரை விட்டுவிட்டால் ஏரி காயும், பாசனக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், இருக்கவும் கூடாது. நடுவழி ஒன்று உண்டு. வெள்ளம் ஏறும் மணி நேரங்களில் மதகை அடைத்து, உச்சம் தாண்டி இறங்கத் தொடங்கியபின் திறப்பது. ஏறுமுகத்தில்தான் கலங்கல் மிகுதி, இறங்குமுகத்தில் தண்ணீர் தெளியும். திறக்கும் நேரத்தை முடிவுசெய்ய, அடியில் கறுப்புச் சிலுவைக் குறியிட்ட கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, எத்தனை செ.மீ. ஆழத்தில் குறி மறைகிறது என்று மதகுக்காவலரே பார்க்கலாம். எத்தனை செ.மீ. என்பதை இரண்டு பருவப் போத்தல் கணக்கு சொல்லும். ஏரி கால் பங்குக்குக் கீழே இருந்தால் தெளிவைப் பார்க்காமல் திறப்பது என்ற விலக்கையும் அதே தாளில் எழுதி, தமிழ்நாட்டுப் பொறியாளரும் புதுச்சேரிப் பொறியாளரும் ஏரிச் சங்கத்தாரும் கையெழுத்திட்டு, மதகுக் கொட்டகைச் சுவரில் ஒட்ட வேண்டும்.